மீட்டர் மாற்றியதும் ஈபி பில் எகிறுகிறதா? வீட்டிலேயே சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மா வீட்டில் பழைய வட்டு சுற்றும் மீட்டரைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் மீட்டர் வைத்துவிட்டுப் போனார்கள். அதுவரை இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் சுமாருக்கு ஓடிக்கொண்டிருந்த வீடு. அடுத்த கணக்கெடுப்பிலேயே 540. 1,081 ரூபாய் கட்டிய இடத்தில் 2,376 ரூபாய். ஏசி வாங்கவில்லை, விருந்தாளி யாரும் வந்து தங்கவில்லை, அதே மூன்று ஃபேன், அதே ஃபிரிட்ஜ். தெருவில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, "புது மீட்டர் வேகமா ஓடுதுங்க" என்பதுதான். நானும் முதலில் அப்படித்தான் நம்பினேன். மூன்று வாரம் ரீடிங் எழுதி, ஒரு மாலை முழுக்க மீட்டர் பெட்டி முன்னால் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் உண்மையான காரணம் தெரிந்தது. அது என்ன என்பதைக் கீழே அதற்குரிய இடத்தில் சொல்கிறேன், ஏனென்றால் அதே காரணம் உங்கள் வீட்டிலும் இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

இப்போது தமிழ்நாடு முழுக்க ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறது என்ற பேச்சு. பயம் இருப்பது நியாயம்தான். ஆனால் கையில் எண் இல்லாமல் பயப்படுவதும் சண்டை போடுவதும் எதற்கும் உதவாது. நீங்களே எண்களைச் சேர்ப்பது எப்படி, அதை வைத்து எங்கே போய் என்ன கேட்பது என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், ஸ்மார்ட் மீட்டர் என்பது என்ன

அளக்கும் வேலையில் ஸ்மார்ட் மீட்டருக்கும் இப்போது பெரும்பாலான வீடுகளில் இருக்கும் டிஜிட்டல் மீட்டருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் வோல்டேஜையும் கரண்டையும் மின்னணு முறையில் அளந்து யூனிட்டாகக் கூட்டிக்கொண்டே போகும். ஸ்மார்ட் மீட்டரில் கூடுதலாக மூன்று விஷயங்கள். ஒன்று, அது ரேடியோ அலை அல்லது சிம் கார்டு வழியாக ரீடிங்கைத் தானே அனுப்பிவிடும், ஆள் வர வேண்டியதில்லை. இரண்டு, அரை மணிக்கோ கால் மணிக்கோ ஒருமுறை எவ்வளவு ஓடியது என்று தனித்தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். மூன்று, உள்ளே ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, அலுவலகத்தில் இருந்தபடியே இணைப்பைத் துண்டிக்கவும் திரும்பக் கொடுக்கவும் முடியும். மக்களுக்கு உண்மையிலேயே கவலை தரவேண்டியது இந்த மூன்றாவதுதான் என்பது என் கருத்து. மீட்டர் வேகமாக ஓடுமா என்பது அதற்கு அடுத்த கவலை.

இந்தத் திட்டம் மத்திய அரசு 2021 ஜூலையில் தொடங்கிய ஆர்டிஎஸ்எஸ் என்ற மின்பகிர்மான சீரமைப்புத் திட்டத்தில் இருந்து வருகிறது. நாடு முழுக்க 25 கோடி மீட்டர் என்பது இலக்கு. ஒரு மீட்டருக்கு அதன் செலவில் 15 சதவீதம், அதிகபட்சம் 900 ரூபாய், மத்திய மானியம் உண்டு. மீதியை மீட்டர் பொருத்தும் நிறுவனம் முதலில் போட்டுவிட்டு, மின்வாரியத்திடம் இருந்து மாதாமாதம் வாங்கிக்கொள்ளும். உங்களிடம் யாரும் கையில் காசு கேட்கக்கூடாது. அந்தச் செலவு பிற்பாடு கட்டணத்துக்குள் வந்து சேராது என்று மட்டும் நம்ப வேண்டாம், மின்வாரியத்தின் செலவு எல்லாமே கடைசியில் கட்டணத்தில்தான் வந்து நிற்கும்.

தமிழ்நாட்டில் முதலில் சோதனையாகப் பொருத்தியது சென்னை தி.நகரில், சுமார் 1.4 லட்சம் இணைப்புகளில். மாநிலம் முழுவதற்கும் விட்ட டெண்டரில் ஒரு பகுதிக்கு அதானி நிறுவனம் குறைந்த விலை கேட்டவராக வந்தது, அந்த விலையும் கூடுதல் என்று 2024 டிசம்பர் இறுதியில் டெண்டர் ரத்தானது. ஆகவே பலர் வீட்டில் இன்னும் பழைய டிஜிட்டல் மீட்டர்தான் இருக்கும். அதுவும் நல்லதுக்கே, தயாராக நேரம் இருக்கிறது.

படி 1: ஸ்லாப் கணக்கை மனப்பாடம் செய்யுங்கள்

"யூனிட் கொஞ்சம்தான் கூடியது, காசு எப்படி இரண்டு மடங்கு ஆனது" என்று கேட்பவர்கள் எல்லாரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அம்மா வீட்டில் யூனிட் கூடியது 42 சதவீதம், தொகை கூடியது 120 சதவீதம். மீட்டர் எதுவும் செய்யவில்லை, அது ஸ்லாப், அதாவது உபயோகம் கூடக் கூட யூனிட் விலையும் ஏறும் படிநிலை, செய்த வேலை.

2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 என்ற சலுகை விலையே போய்விடும். 101-ல் இருந்தே 4.70 போட்டுவிடுவார்கள். அதற்கு மேல் 501 முதல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதையும் தாண்டினால் 11.55.

தொகையாகப் பார்த்தால் இப்படி வரும்:

200 யூனிட் – 235 ரூபாய்
300 யூனிட் – 705
400 யூனிட் – 1,175
500 யூனிட் – 1,805
501 யூனிட் – 2,048
600 யூனிட் – 2,880
800 யூனிட் – 4,770
1000 யூனிட் – 6,870

500-க்கும் 501-க்கும் நடுவில் பாருங்கள். ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய். இந்தச் சுவரைப் பற்றி மின்வாரியம் பில்லில் ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று எனக்கு நீண்ட நாளாக ஆதங்கம்.

இன்னொன்று, கட்டணம் ஏன் வருடாவருடம் ஏறுகிறது என்ற கேள்வி. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022 செப்டம்பரில் போட்ட ஆணையிலேயே, 2026-27 வரை ஒவ்வொரு ஜூலையிலும் பணவீக்க அளவோ 6 சதவீதமோ, எது குறைவோ அந்த அளவு ஏற்றலாம் என்று இருக்கிறது. 2023-ல் 2.18, 2024-ல் 4.83, 2025-ல் 3.16 சதவீதம். இதில் 2023, 2025 இரண்டிலும் வீடுகளுக்கான உயர்வை மாநில அரசே மானியமாக ஏற்றுக்கொண்டது. மானியம் எப்போது தொடரும், எப்போது நிற்கும் என்பது அரசியல் முடிவு. ஆகவே ஜூலை வந்தால் ஒருமுறை மின்வாரிய இணையதளத்தில் கட்டணப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள், மேலே நான் போட்ட கணக்கையும் அந்தப் புது விலையில் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: வாரம் ஒருமுறை ரீடிங், ஒரு நோட்டில்

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இதைச் செய்யாமல் மற்றப் படிகளுக்குப் போக வேண்டாம்.

டிஜிட்டல் மீட்டரின் திரை தானாக மாறிக்கொண்டே இருக்கும், அல்லது பட்டனை அழுத்தினால் மாறும். தேதி, நேரம், வோல்டேஜ், கரண்ட், பவர் ஃபேக்டர் எல்லாம் வரும். உங்களுக்கு வேண்டியது கேடபிள்யூஹெச் என்று ஆங்கில எழுத்தில் காட்டும் எண் மட்டும். பக்கத்திலேயே கேவிஏஹெச் என்று கொஞ்சம் பெரிய எண் ஒன்று வரும், அதை எழுதி விட்டுத்தான் பலர் குழம்புகிறார்கள். வீட்டு பில் அதில் போடுவதில்லை.

ஞாயிறு காலை காபி குடித்துவிட்டுப் போய் அந்த எண்ணைச் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து, நோட்டில் தேதியோடு எழுதுங்கள். போட்டோ எதற்கு என்றால் பின்னால் புகார் என்று வந்தால் தேதியோடு சாட்சி.

60 நாளுக்கு 500 யூனிட் என்றால் நாளுக்கு 8.3 யூனிட். கணக்கெடுத்த நாளில் இருந்து 15-வது நாள் 125, 30-வது நாள் 250, 45-வது நாள் 375. இதற்குள் இருந்தால் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறீர்கள். 45-வது நாளில் 400-ஐத் தொட்டுவிட்டால் மிச்சம் 15 நாளுக்கு 100 யூனிட்தான் இருக்கிறது, அப்போதே கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பில் வந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

கணக்கெடுக்க வருபவர் வந்த தேதியையும் அதே நோட்டில் எழுதுங்கள். இது முக்கியம். நாளுக்கு 8 யூனிட் ஓடும் வீட்டில் 60-வது நாள் எடுத்தால் 480 யூனிட், 1,679 ரூபாய். அவர் ஒரு வாரம் தாமதமாக வந்து 67 நாள் உபயோகத்தையும் ஒரே கணக்கில் எழுதினால் 536 யூனிட், 2,342 ரூபாய். அடுத்த முறை நாள் குறைந்து யூனிட் குறையலாம், ஆனால் இந்த முறை கட்டிய கூடுதல் தொகை முழுதாகத் திரும்பி வராது. மாதம் ஒருமுறை கணக்கெடுப்பு வேண்டும் என்று தமிழ்நாட்டில் இவ்வளவு பேர் கேட்பதற்கும், 2021 தேர்தலில் அது வாக்குறுதியாகவே வந்ததற்கும் இந்த வயிற்றெரிச்சல் ஒரு காரணம். ஸ்மார்ட் மீட்டரால் நமக்கு உறுதியாகக் கிடைக்கக்கூடிய நன்மையும் இங்கேதான் இருக்கிறது. குறித்த தேதியில் ரீடிங் தானாகப் போய்விடும், கதவு பூட்டியிருந்தது என்று சராசரி போடும் பேச்சே இருக்காது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வாங்கினால், மேலே சொன்ன ஸ்லாப் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது, இலவச 100 யூனிட்டும் உங்கள் கைக்கு வராது. வீடு பார்க்கும்போதே தனி சர்வீஸ் நம்பர் உண்டா என்று கேளுங்கள். வாடகையில் 500 ரூபாய் குறைவு என்று சப் மீட்டர் வீட்டுக்குப் போய் கோடையில் அதைவிட அதிகமாகக் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

படி 3: மீட்டர் மாற்ற வரும் நாளில்

ஆள் வந்ததும் பழைய மீட்டரைக் கழற்றுவதற்கு முன் நிறுத்துங்கள். பழைய மீட்டரின் கடைசி ரீடிங், புது மீட்டரின் தொடக்க ரீடிங், இரண்டின் வரிசை எண், புது மீட்டரின் சீல், இவ்வளவையும் போட்டோ எடுங்கள். அவர்கள் எழுதும் தாளிலும் அதே எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஈபி கார்டில் குறிக்கச் சொல்லுங்கள். மீட்டர் மாற்றியதும் வரும் விபரீத பில்களில் ஒரு பகுதி, பழைய ரீடிங்கைத் தப்பாக ஏற்றியதால் வருவது. போட்டோ இருந்தால் அது பத்து நிமிட வேலை. இல்லாவிட்டால் பழைய மீட்டரைத் தேடி ஸ்டோருக்கும் ஆபீசுக்கும் நீங்கள் நடக்க வேண்டும்.

சீலை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். மீட்டரில் கை வைப்பது 2003 மின்சாரச் சட்டத்தின் 135-வது பிரிவில் மின்திருட்டாகவே பார்க்கப்படும்.

படி 4: பத்து நிமிட சோதனை, வயரிங் கோளாறைப் பிடிக்க

இந்தப் படிக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பழைய வட்டு மீட்டர், வீட்டுக்குள் கரண்டைக் கொண்டுவரும் ஃபேஸ் கம்பியில் போகும் கரண்டை மட்டும் பார்த்தது. அதுவும் தேய்ந்துபோன மீட்டராக இருந்தால் செட்டாப் பாக்ஸ், சார்ஜர் மாதிரி சின்னச் சின்ன லோடுக்கு வட்டு நகரவே நகராது. இப்போதைய மீட்டர்கள் அப்படி இல்லை. திருட்டைத் தடுப்பதற்காக ஃபேஸ், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி, இரண்டிலும் கரண்டை அளக்கும். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் எது அதிகமோ அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பல மீட்டர்களில் அப்போது எர்த் என்றோ இஎல் என்றோ எழுதிய ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரியும். திருடுபவரைப் பிடிக்க வைத்த ஏற்பாடு, வயரிங் சரியில்லாத அப்பாவி வீட்டையும் பிடித்துவிடுகிறது.

சோதனை இப்படி. மீட்டரில் ஒரு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் 3200 இம்ப் அல்லது 1600 இம்ப் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். 3200 என்றால் அத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்று அர்த்தம்.

முதலில் மெயின் ஸ்விட்சையே ஆஃப் செய்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். மின்னக்கூடாது. மின்னினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் எங்கோ கசிவு, அல்லது அந்த இடத்தில் இருந்து யாரோ எடுக்கிறார்கள், அல்லது மீட்டரிலேயே கோளாறு.

அடுத்து மெயினை ஆன் செய்யுங்கள், ஆனால் டிபி பாக்ஸில் (வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இருக்கும் எம்சிபி (ஒவ்வொரு வரிசைக்குமான சின்ன ஸ்விட்ச்) ஒவ்வொன்றையும் இறக்கிவிடுங்கள். வீட்டில் எதுவும் ஓடவில்லை. சாதாரண எம்சிபி ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். இப்போதும் விளக்கு மின்னுகிறதா? மின்னினால் பெரும்பாலும் வேறு ஏதோ ஒரு வீட்டின் கரண்ட் உங்கள் நியூட்ரல் வழியாகத் திரும்பிப் போகிறது.

அம்மா வீட்டில் நடந்தது அதேதான். மாடி போர்ஷனுக்குத் தனி சர்வீஸ், தனி மீட்டர். ஆனால் என்றைக்கோ இன்வெர்ட்டர் போட வந்தவர் மாடியின் நியூட்ரலைக் கீழ்வீட்டு நியூட்ரலோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போயிருந்தார். மாடியில் இன்வெர்ட்டர் லைனில் ஓடும் ஃபேன், டிவி, லைட் எல்லாவற்றுக்கும் ஃபேஸ் அவர்கள் மீட்டரில் இருந்து போனது, அங்கே எண்ணப்பட்டது. அந்தக் கரண்ட் திரும்பும்போது எங்கள் நியூட்ரல் வழியாக வந்தது, இங்கேயும் எண்ணப்பட்டது. ஒரே யூனிட்டுக்கு இரண்டு வீடும் காசு கட்டியது! பழைய வட்டு மீட்டர் நியூட்ரலைப் பார்க்காததால் இத்தனை வருடம் வெளியே தெரியவில்லை. வயர்மேன் வந்து இரண்டு நியூட்ரலையும் பிரித்துத் தனித்தனியாக இழுத்தார், அரை நாள் வேலை. அடுத்த கணக்கில் யூனிட் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

இரண்டாவது சோதனையிலும் மின்னாவிட்டால், எம்சிபிக்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். அந்த வரிசையில் உள்ள எல்லா ஸ்விட்சும் ஆஃப்பில் இருக்க வேண்டும், பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். எதை ஏற்றியதும் மின்ன ஆரம்பிக்கிறதோ அந்த வயரில் கசிவு. பாத்ரூம் ஹீட்டர், மோட்டார், மழையில் நனையும் வெளிச்சுவர் லைட், இந்த மூன்றையும் முதலில் சந்தேகப்படுங்கள். 3200 மீட்டரில் பத்து நிமிடத்தில் ஐந்து முறை மின்னினால் சுமார் 10 வாட், இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் ஆகும். காசை விடுங்கள், அந்தக் கசிவு ஆளைக் கொல்லும். வயர்மேனைக் கூப்பிட்டு, கசிவு வந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றும் போட்டுவிடுங்கள். நியூட்ரலைப் பிரிப்பது, டிபி பாக்ஸைத் திறப்பது எல்லாம் அவர் வேலை, நீங்கள் ஸ்விட்சை ஏற்றி இறக்கிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 5: மீட்டர் உண்மையிலேயே வேகமாக ஓடுகிறதா

கசிவு இல்லை, நியூட்ரல் சரி, இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் இதைச் செய்யுங்கள். வாளியில் போடும் 1000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு ஒன்று போதும். அயர்ன் பாக்ஸ் வேண்டாம், அது தானாக அணைந்து அணைந்து எரியும், கணக்கு தப்பும்.

மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வாளித் தண்ணீரில் ராடைப் போட்டு ஆன் செய்யுங்கள். தண்ணீரில் கை வைக்காதீர்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். 3200 மீட்டரில் 53 வர வேண்டும். இதில் ஒரு நுணுக்கம், ராடில் எழுதிய 1000 வாட் என்பது 230 வோல்டுக்கு. உங்கள் வீட்டில் 210 வோல்டுதான் வருகிறது என்றால் ராடு எடுப்பதே 830 வாட் சுமார்தான், அப்போது 44 முறைதான் மின்னும். மீட்டர் திரையிலேயே வோல்டேஜ் தெரியும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ராடு தயாரிப்பிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆகவே இரண்டு மூன்று எண்ணிக்கை வித்தியாசத்துக்கெல்லாம் புகார் கொடுக்க ஓட வேண்டாம். 53 வர வேண்டிய இடத்தில் 65, 70 என்று வந்தால் அது பேச வேண்டிய விஷயம்.

சரி, நான் இதுவரை தெரிந்தவர்கள் வீடுகளில் செய்து பார்த்ததில் மீட்டர் தப்பாக இருந்த வீடு ஒன்றுகூட இல்லை. வயரிங், தாமதக் கணக்கெடுப்பு, ரீடிங் ஏற்றுவதில் பிழை, பழைய ஃபிரிட்ஜ், இவைதான் காரணமாக வந்தன. எல்லார் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை, அதற்குத்தான் சோதனை.

படி 6: யூனிட் எங்கே போகிறது

வாட்டை மணியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். இதை எல்லாப் பொருளுக்கும் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், நாலு பொருளைப் பார்த்தால் போதும்.

ஏசி வாங்கும்போது ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஒரு எண் இருக்கும். அது 1600 மணி நேர உபயோகத்துக்குப் போட்ட கணக்கு. 800 என்று எழுதியிருந்தால் 1600-ஆல் வகுங்கள், மணிக்கு சராசரி அரை யூனிட். இரவு எட்டு மணி நேரம் என்றால் நாளுக்கு 4, இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். சென்னை வெயிலில் அதைவிடக் கூடத்தான் செய்யும். ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தி சேமிப்பு அமைப்பு. 20-ல் வைத்துப் போர்வை போர்த்துவதைவிட 26-ல் வைத்து ஃபேனைப் போடுவது எவ்வளவோ மேல்.

ஃபேனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் நம் ஊரில் அதிக நேரம் ஓடுவது அதுதான். பழைய ஃபேன் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடும் புது வகையான பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சுமார். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒன்று 67 யூனிட், மற்றது 27. ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம், மூன்று ஃபேனுக்கு 120. அம்மா வீடு போல 500 சுவருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மோட்டார். ஒரு ஹெச்பி மோட்டார் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட் எடுக்கும். டாய்லெட் ஃபிளஷ் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகினால் மோட்டார் தினமும் கூடுதலாக ஓடும், தண்ணீர் பிரச்சினை கரண்ட் பில்லில் தெரியும். டேங்கில் அலாரம் இல்லாவிட்டால் ஒன்று வையுங்கள்.

பழைய ஃபிரிட்ஜின் கதவு ரப்பரையும் பாருங்கள். கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால் சுலபமாக வந்துவிடக்கூடாது. கீசரைப் பற்றிப் பயம் அதிகம், ஆனால் 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடாக்க அரை யூனிட்கூட ஆகாது. அணைக்க மறந்துவிட்டு நாள் முழுக்க விடுவதுதான் செலவு. மீதியெல்லாம் சில்லறை.

ஸ்மார்ட் மீட்டர் ஏற்கெனவே இருந்தால், செயலியில் அரை மணிக் கணக்கு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அதிகாலை 3 மணிக்கு என்ன ஓடுகிறது என்று பாருங்கள். எல்லாரும் தூங்கும்போது ஓடும் அளவுதான் உங்கள் வீட்டின் அடித்தளம், அதைக் குறைத்தால் 60 நாளும் குறையும்.

படி 7: ப்ரீபெய்டும் நேரக் கட்டணமும்

பீகாரில் ஸ்மார்ட் மீட்டர் ப்ரீபெய்டாகத்தான் வந்தது, செல்போன் மாதிரி முன்கூட்டியே பணம் போட வேண்டும். குஜராத்தின் வதோதராவில் 2024 மே மாதம் மக்கள் தெருவுக்கு வந்ததும் ப்ரீபெய்டு மீட்டரில் பணம் மளமளவென்று கரைகிறது என்றுதான். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய வகை மீட்டரையும் கூடவே பொருத்துகிறோம் என்று அங்கே இறங்கி வந்தார்கள். தினமும் பணம் குறைவது கண்ணில் படுவது ஒரு பக்கம் நல்லது, ஆனால் தினக்கூலி வீட்டில் மாதக் கடைசியில் கணக்கில் பணம் தீர்ந்து, விளக்கு அணைவது என்பது வேறு விஷயம். இப்போதைய முறையில் பணம் கட்டாவிட்டாலும் 15 நாள் நோட்டீஸ் கொடுத்த பிறகே துண்டிக்கலாம் என்று மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவு சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு ப்ரீபெய்டில் என்ன ஆகும் என்பதைத்தான் நாம் உரக்கக் கேட்க வேண்டும். ப்ரீபெய்டுக்கு மாறுபவரிடம் வைப்புத்தொகை கேட்க முடியாது என்று அதே சட்டத்தின் 47-வது பிரிவில் இருக்கிறது, ஆகவே மாறும் நிலை வந்தால் நீங்கள் ஏற்கெனவே கட்டிய டெபாசிட் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

நேரக் கட்டணம் என்பது இன்னொன்று. 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளில், பகல் வெயில் நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்று வந்தது. அதை ஒவ்வொரு மாநில ஆணையமும் ஆணையாகப் போட்டால்தான் நம் பில்லுக்கு வரும். வந்தால் மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் மூன்றையும் பகலுக்கு மாற்றுவது புத்திசாலித்தனம். பகலில் ஆளே இல்லாத, இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு இதில் லாபம் குறைவுதான்.

அதே திருத்தத்தில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் வந்து, அனுமதித்த லோடைவிட நீங்கள் அதிகம் எடுத்தது தெரிந்தால், மீட்டர் வருவதற்கு முந்தைய காலத்துக்கு அதைக் காட்டி அபராதம் போட முடியாது. அனுமதி லோடை உயர்த்துவதும் ஒரு நிதியாண்டில் மூன்று முறையாவது தாண்டியிருந்தால்தான்.

படி 8: புகார், வாய்மொழியாக வேண்டாம்

நோட்டு, போட்டோ, சோதனை எண்கள் மூன்றும் கையில் இருக்கட்டும். முதலில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். அதோடு நிற்காமல் உங்கள் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு ஒரு மனு எழுதி, நகலில் தேதியோடு ஒப்புதல் முத்திரை வாங்குங்கள். "சார், பில் அதிகமா வருது, கொஞ்சம் பாருங்க" என்று வாயால் கேட்டால், வெயில் காலம் அப்படித்தான் இருக்கும் என்று அனுப்பிவிடுவார்கள். மனுவில் இப்படி எழுதுங்கள்: இந்தத் தேதியில் இருந்து இந்தத் தேதி வரை வார ரீடிங் இது, மெயினை அணைத்த சோதனையில் இத்தனை முறை மின்னியது, 1000 வாட் சோதனையில் இத்தனை வோல்டில் இத்தனை முறை மின்னியது, ஆகவே மீட்டரைச் சோதிக்கக் கோருகிறேன்.

2024 பிப்ரவரியில் அதே நுகர்வோர் உரிமை விதிகளில் வந்த திருத்தப்படி, ரீடிங் உபயோகத்தோடு பொருந்தவில்லை என்று நீங்கள் புகார் கொடுத்தால் 5 நாளுக்குள் கூடுதலாக ஒரு மீட்டர் வைத்து, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மனுவில் இந்த விதியைக் குறிப்பிட்டே கேளுங்கள். மீட்டரைக் கழற்றி மின்வாரியத்தின் மீட்டர் சோதனைக் கூடமான எம்ஆர்டி ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும் கேட்கலாம், அதற்குக் கட்டணம் உண்டு, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மீட்டர் பழுது என்று தெரிந்தால் அந்தக் காலத்துக்கு முந்தைய நான்கு மாத சராசரியை வைத்துக் கணக்கிடுவதுதான் தமிழ்நாட்டு வழக்கம். உங்கள் நோட்டில் அந்த நான்கு மாதமும் இருந்தால், அவர்கள் போடும் எண் சரியா என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

பில்லில் திடீரென்று பெரிய தொகை வந்து, யூனிட் மட்டும் வழக்கம்போல இருந்தால் அது மீட்டர் விஷயமே இல்லை. பெரும்பாலும் கூடுதல் வைப்புத்தொகையாக இருக்கும். உபயோகம் கூடியதற்கு ஏற்ப டெபாசிட்டை உயர்த்துவார்கள், அதற்கு வட்டியும் தருவார்கள். பில்லின் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் படியுங்கள்.

பிரிவு அலுவலகத்தில் பதில் இல்லாவிட்டால் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. வக்கீல் வேண்டாம், நீங்களே மனு கொடுத்துப் பேசலாம். அங்கே வரும் தீர்ப்பும் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. "பத்து வருஷத்துக்கு முன்னால் விட்டுப்போன பாக்கி" என்று யாராவது திடீரென்று தொகை எழுதி அனுப்பினால், அது முதன்முதலில் கட்டவேண்டியதாகி இரண்டு வருடம் தாண்டியிருந்து, இடையில் தொடர்ந்து பில்லில் பாக்கியாகக் காட்டப்படவில்லை என்றால், 56-வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவுப்படி வசூலிக்க முடியாது. பழைய பில்களையும் ஈபி கார்டையும் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் வைத்திருந்தால், பாக்கியே காட்டவில்லை என்று நிரூபிக்க அதுவே போதும்.